நெஞ்சுக்குள் ஒரு காவலன்

மாணவர்களே, உங்கள் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடித் துடிப்பை எண்ணிப் பாருங்கள். 75 வந்ததாகக் கொள்வோம். ஒரு நிமிடம் என்பது 60,000 மில்லி விநாடி. அதை 75 ஆல் வகுத்தால் 800 கிடைக்கும். அதாவது, இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலம் 800 மில்லி விநாடி. இந்த எளிய கணக்கை இரவும் பகலும் போட்டுக்கொண்டே உயிரைக் காக்கும் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் டிஃபிப்ரிலேட்டர்.

இதயத்தின் கீழறைகள் சுருங்குவதால்தான் குருதி உடலெங்கும் பாய்கிறது. அவற்றைச் சுருங்கச் செய்வது மின் துடிப்பு. நோயுற்ற இதயத்தில் சில வேளைகளில் இம்மின் துடிப்பு சீர்குலைந்து, தசை இழைகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் துடிக்கத் தொடங்கும். இதுவே கீழறை நடுக்கம். அப்போது இதயம் நடுங்குமே தவிர, குருதியை இறைக்காது. சில விநாடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் உயிர் பிரியும். உடனே மின்னதிர்ச்சி தந்தால் தாறுமாறான துடிப்புகள் ஒருசேர அடங்கி, இயல்பான துடிப்பு மீள வழி பிறக்கும்.

ஆனால் மருத்துவமனைக்கு வெளியே அதிர்ச்சி தருவது யார்? 1966-இல் இஸ்ரேலில் தம் ஆசானை இதயத் துடிப்புக் கோளாறுக்குப் பறிகொடுத்த மிஷேல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவரை இக்கேள்வி வாட்டியது. கருவியை உடலுக்குள்ளேயே வைத்துவிட அவர் எண்ணினார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மார்ட்டன் மோவருடன் சேர்ந்து உழைத்தார். 1980 பிப்ரவரி 4 அன்று அந்நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் கருவி ஒரு பெண்மணிக்குப் பொருத்தப்பட்டது.

அதிர்ச்சி தருவதன் இயற்பியல் நீங்கள் படித்ததே. 125 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 800 வோல்ட்டுக்கு மின்னேற்றம் செய்தால், அதில் தேங்கும் ஆற்றல் 40 ஜூல். இதற்குச் சில விநாடிகள் போதும். எப்போது அதிர்ச்சி தருவது என்று முடிவு செய்வதுதான் கடினம்.

கருவியிலிருந்து இதயத்துக்குள் செல்லும் கம்பி மின் துடிப்புகளை உணர்கிறது. துடிப்பு நிமிடத்துக்கு 200 ஆனால் இடைவெளி 300 மில்லி விநாடியாகக் குறையும். ஒரு குறுகிய இடைவெளியைக் கண்டதும் கருவி பதறுவதில்லை. எடுத்துக்காட்டாக, கடைசி 24 இடைவெளிகளில் 18 குறுகியிருந்தால்தான் ஆபத்து எனக் கொள்ளுமாறு அதை அமைக்கலாம்.

இங்கே ஒரு சிக்கல். நடுக்கத்தின்போது எழும் மின் அலைகள் சிறியவை. உணர்திறன் குறைவாயிருந்தால் கருவி அவற்றைத் தவறவிடும். மிகுதியாயிருந்தாலோ, ஒவ்வொரு துடிப்பின் பின்னும் வரும் சிற்றலையையும் தனித் துடிப்பாக எண்ணிவிடும். 100 துடிப்பு 200 ஆகத் தோன்றும்! எனவே ஒவ்வொரு துடிப்பையும் உணர்ந்தவுடன் கருவி தன் உணர்திறனைக் குறைத்துக்கொண்டு, பிறகு படிப்படியாகக் கூட்டுகிறது.

மாடிப்படி ஏறினாலும் இதயம் விரைந்து துடிக்குமே? ஆம். ஆனால் அவ்வேகம் மெல்ல மெல்லக் கூடும்; கீழறையில் தோன்றும் கோளாறோ பெரும்பாலும் திடீரெனத் தொடங்கும். மேலறைகள் நடுங்கினாலும் கீழறைகள் விரைந்து துடிக்கும். ஆயின் இடைவெளிகள் ஒன்றுபோல் இரா. அலையின் வடிவத்தையும் கருவி முன்பே பதிந்து வைத்த இயல்பான வடிவத்தோடு ஒப்பிடும். இவ்வாறு வேண்டாத அதிர்ச்சிகள் பல தவிர்க்கப்படுகின்றன.

இது ஏன் இன்றியமையாதது? நினைவோடிருப்பவருக்கு அதிர்ச்சி, நெஞ்சில் உதை விழுந்தாற்போல் வலிக்கும். அடுத்தது எப்போது வருமோ என்ற அச்சமும் தொடரும். 2012-இல் வெளியான, 1,500 நோயாளிகள் பங்கேற்ற ஓர் ஆய்வு, 200-க்குக் குறைந்த துடிப்பைப் பொருட்படுத்தாமல் விட்டாலும், இன்னும் சற்றுக் காத்திருந்து செயல்பட்டாலும், தேவையற்ற சிகிச்சைகள் வெகுவாகக் குறைவதைக் காட்டியது. இறப்புகளும் குறைந்தன.

தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. அவசரப்பட்டால் வீண் துன்பம். நல்ல காவலன் எதற்கும் குரைப்பவனல்லன். திருடனை அடையாளம் கண்டு குரைப்பவனே!