எதை அளந்தார்கள்?

மருத்துவ ஆய்வுக்கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்த புதிதில் சுருக்கத்தையும் முடிவுரையையும் மேய்ந்துவிட்டு மூடிவிடுவேன். நடுவில் 'முறைகள்' என்றிருக்கும் சலிப்பூட்டும் பகுதியைத்தான் முதலில் படிக்கவேண்டும் என்று எனக்குப் புரியவைத்தது 'காஸ்ட்' என்ற ஆய்வு.

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு இதயம் இடையிடையே தாளம் தப்பித் துடிப்பதுண்டு. அப்படிப்பட்டவர்கள் திடீரென்று இறந்துபோகும் வாய்ப்பு அதிகம். ஆகவே அத்துடிப்பை அடக்கினால் உயிரைக் காப்பாற்றலாம் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். என்கெய்னைடு, ஃபிளெக்கெய்னைடு மாத்திரைகள் அடக்கவும் செய்தன. இசிஜி தாளில் கண்ணெதிரே தெரிந்தது. யார்தான் சந்தேகப்படுவார்கள்?

துடிப்பை விட்டுவிட்டு மரணங்களை எண்ணுவோம் என்று 1987ல் அமெரிக்காவில் தொடங்கியது காஸ்ட். மருந்துக்குத் துடிப்பு அடங்கியவர்களையே தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு அதைப் போன்றே தோன்றும் வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 1989ல் இவ்விரு மருந்துகளையும் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 1991ல் வெளியான கணக்குப்படி, மருந்து உண்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தனர். வெற்று மாத்திரை உண்ட 743 பேரில் 26 பேர்.

அந்த இரண்டாம் குழு இல்லாவிட்டால், இறந்தவர்கள் இதயநோயாளிகள்தானே என்று விட்டிருப்பார்கள்.

சோதனையெல்லாம் தேறிய மென்பொருள் வாடிக்கையாளரிடம் போய்ப் படுத்துக்கொள்வதை நாங்களும் பார்க்கிறோம். அங்கே பெரும்பாலும் ஆள் சாவதில்லை, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் 'ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மூலிகை' என்று நண்பர்கள் ஏதாவது ஆய்வை அனுப்பினால், சர்க்கரை குறைந்தவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று தேடுகிறேன். பெரும்பாலும் அதற்குமுன்பே ஆய்வு முடிந்துவிட்டிருக்கிறது.