இன்வெர்ட்டர் கெட்டதா, கணக்கு கெட்டதா?

கூரையில் சூரிய மின்சாரம் போட்ட உழவர்கள் நம்மில் இப்போது நிறையப் பேர். முதலில் வீட்டு மாடியில் 3 கிலோவாட் போட்டிருப்பார்கள். பிறகு மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் மாற்றும்போது அதன் மேலும் ஒரு 3 கிலோவாட், அதற்குத் தனி இன்வெர்ட்டர். கரண்ட் போனாலும் விளக்கு எரியணும் என்று சிலர் பேட்டரியோடு மூன்றாவதாக ஒன்றும் வைத்திருக்கிறார்கள். இப்படி இரண்டு மூன்று ஆனதும், எது எத்தனை யூனிட் தருகிறது என்று ஒரே இடத்தில் பார்க்கக் கணினியில் ஒரு கண்காணிப்பு மென்பொருள் தேவைப்படுகிறது. அது வந்ததும் கூடவே ஒரு புதுக் குழப்பமும் வருகிறது.

ஒரு நாள் திரையில் இரண்டாவது இன்வெர்ட்டருக்கு நேராகச் சுழி. கெட்டுப்போச்சு என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "போர்டு மாத்தணும்" என்று ஒரு தொகை சொல்வார். இன்வெர்ட்டரோ அந்த நேரத்திலும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு நேர்மாறானதும் நடக்கும். திரையில் எல்லாம் பச்சை விளக்கு, ஆனால் ஓர் இன்வெர்ட்டர் தினமும் உச்சி வெயிலில் அணைந்து அணைந்து எரிகிறது. மாதக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. முதலாவதில் வீண் செலவு, இரண்டாவதில் வர வேண்டிய வரவு போகிறது.

வங்கியில் மாலையில் கணக்கு இடித்தால் முதலில் பேரேட்டைப் புரட்ட மாட்டோம், கையில் இருக்கும் ரொக்கத்தை எண்ணுவோம். இங்கே ரொக்கம் என்பது இன்வெர்ட்டரின் சொந்தத் திரை. கணினியில் தெரிவது பேரேடுதான். அதனால் மென்பொருளில் எது தப்பாகத் தெரிந்தாலும் முதல் வேலை எழுந்து நடந்துபோய் இன்வெர்ட்டரைப் பார்ப்பது. அதில் இன்றைய உற்பத்தி, மொத்த உற்பத்தி என்று இரண்டு எண்கள் இருக்கும். மொத்த உற்பத்தியை மூன்று நாள், பொழுது சாயுமுன் ஒரே நேரத்தில் நோட்டில் குறித்து வையுங்கள். (இருட்டிய பிறகு போனால் பேட்டரி இல்லாத பல இன்வெர்ட்டர்களில் திரையே அணைந்திருக்கும். பேனலிலிருந்து கரண்ட் வராதபோது அவை தூங்கிவிடும். இரவில் மென்பொருள் 'தொடர்பில் இல்லை' என்று காட்டினால் பதற வேண்டியதில்லை.) நோட்டில் எண் ஏறிக்கொண்டிருந்தால் உங்கள் மின்சாரம் பத்திரம். பழுது தகவல் வரும் வழியில்தான்.

அந்த வழி இன்வெர்ட்டரில் தொடங்கி, அதில் செருகிய வைஃபை குச்சி அல்லது தகவல் கம்பி, பிறகு ரூட்டர் அல்லது கணினி, சில அமைப்புகளில் அதற்கும் மேல் நிறுவனத்தின் சர்வர் என்று போகிறது. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் மடை மடையாக நடந்து பார்ப்போம் இல்லையா, அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும்.

கம்பி வழியில் வருகிற தொல்லைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஒன்றுக்கு மேல் இன்வெர்ட்டர் உள்ளவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். பெரும்பாலான இன்வெர்ட்டர்களில் ஆர்.எஸ்.485 என்று ஓர் இணைப்பு இருக்கும். இரண்டே கம்பி, ஏ, பி. அதில் பேசும் மொழிக்கு மோட்பஸ் என்று பெயர். கணினிதான் கேள்வி கேட்கும்: "ஒன்றாம் நம்பர், உன் உற்பத்தி எவ்வளவு?" ஒன்றாம் நம்பர் மட்டும் பதில் சொல்லணும், மற்றவை வாய் மூடியிருக்கணும். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அநேகமாக எல்லாமே 1 என்ற எண்ணோடுதான் வருகின்றன. கவுன்ட்டரில் ஒரே டோக்கன் எண்ணோடு இரண்டு பேர் நின்றால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல, கணினிக்கு எதுவும் விளங்காது.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி வீட்டில் இதுதான் நடந்தது. தனித்தனியாக இணைத்தால் இரண்டும் வேலை செய்கின்றன, சேர்த்து இணைத்தால் இரண்டும் காணாமல் போகின்றன. "அண்ணா, ரெண்டாவது மிஷினு மொதலாவதைக் கெடுக்குது" என்றே அவர் முடிவு கட்டிவிட்டார். ஒன்றின் தகவல் கம்பியைக் கழற்றிவிட்டு, மற்றதன் அமைப்புப் பட்டியலில் எண்ணை 2 என்று மாற்றி, மென்பொருளிலும் 2 என்று பதிந்தோம். பத்து நிமிட வேலை. 1 முதல் 247 வரை எந்த எண்ணும் கொடுக்கலாம், இரண்டு இன்வெர்ட்டருக்கு ஒரே எண் கூடாது, அவ்வளவுதான்.

எண்கள் சரியாக இருந்தும் பேச்சு வரவில்லை என்றால் ஏ-யும் பி-யும் இடம் மாறியிருக்கலாம். சில நிறுவனங்கள் இந்தப் பெயர்களையே தலைகீழாக அச்சிடுகின்றன. அந்த இரண்டு கம்பிகளை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்ப்பதால் எதுவும் எரியாது. வேகமும் ஒத்திருக்கணும். 9600 என்பது வழக்கமான வேகம். ஒரே கம்பியில் உள்ள எல்லாவற்றுக்கும் அதுவே இருக்க வேண்டும். கம்பி ஓர் இன்வெர்ட்டரிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போகட்டும். நடுவிலிருந்து கிளை பிரிக்காதீர்கள். தூரம் அதிகமானால் இரண்டு முனையிலும் 120 ஓம் மின்தடை ஒன்று வேண்டும். முறுக்கிய ஜோடிக் கம்பியாக வாங்குங்கள், இணையத்துக்குப் போடும் லேன் கேபிளில் ஒரு ஜோடி போதும். மோட்டார் கேபிள் போகும் அதே குழாயில் இதையும் நுழைத்தால், பம்பு ஓடும்போதெல்லாம் தகவல் அறுந்து அறுந்து வரும்.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னதெல்லாம் தகவல் கம்பி வேலை. பேனலிலிருந்து வரும் டி.சி. கம்பியில் பகல் முழுவதும் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும், மெயினை அணைத்தாலும் இருக்கும். அந்தப் பக்கம் கை வைக்கும் வேலை நமக்கு வேண்டாம்.

இன்வெர்ட்டர்கள் வெவ்வேறு நிறுவனத்தவை என்றால், மென்பொருளில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த எண்ணை எந்தப் பெட்டியில் வைப்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 2300 என்று வந்தாலோ, எங்காவது 65535 என்ற எண் நின்றாலோ, மாடல் தேர்வில்தான் தவறு என்று முதலில் சந்தேகியுங்கள்.

அடுத்து கணினி. யு.எஸ்.பி. மாற்றியை ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு மாற்றிச் செருகினால் விண்டோஸ் அதற்கு வேறு காம் போர்ட் எண் கொடுத்துவிடும், மென்பொருள் பழைய எண்ணிலேயே காத்துக்கொண்டிருக்கும். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும் என்பதால் இரண்டு மென்பொருள்களை ஒன்றாக ஓட விட்டால் ஒன்று பட்டினி. கணினி தானாகத் தூங்கும் அமைப்பை அணைத்து வையுங்கள். இன்னொரு கணக்கும் பாருங்க: 60 வாட் பழைய கணினியை இரவும் பகலும் ஓட விட்டால் இரண்டு மாதத்தில் 86 யூனிட் அதுவே தின்றுவிடும். மின்சாரத்தைக் கண்காணிக்க இவ்வளவு மின்சாரமா? ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினி 5 வாட்டில் இதே வேலையைச் செய்யும், இரண்டு மாதத்துக்கு 7 யூனிட். அதில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச, திறந்தமூல மென்பொருளை ஓட்டலாம். இணையம் இல்லாவிட்டாலும் கணக்கு நம் வீட்டிலேயே சேரும். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வையுங்கள்.

வைஃபை குச்சி வைத்திருப்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. பெரும்பாலான குச்சிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான் பிடிக்கும், 5 பிடிக்காது. ரூட்டரோ கடவுச்சொல்லோ மாறினால் ஒவ்வொரு குச்சிக்கும் தனித்தனியாகப் புதிதாகச் சொல்லித்தர வேண்டும், மாடியில் உள்ளதற்குச் செய்துவிட்டுக் கொட்டகையில் உள்ளதை மறந்துவிடுவார்கள். தகரக் கொட்டகைக்குள் சிக்னல் நுழையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கடிகாரம் தவறினாலும் கணக்கு தவறும். நம் ஊரில் சூரிய உற்பத்தி 12 மணியை ஒட்டித்தான் உச்சத்துக்கு வரும். வரைபடத்தில் உச்சம் காலை ஆறே முக்காலுக்குத் தெரிந்தால் மென்பொருள் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது, ஐந்தரை மணி நேரம் பின்னால். மதியம் இரண்டே முக்காலுக்குத் தெரிந்தால் சீன நேரத்தில் இருக்கிறது. இரண்டு இன்வெர்ட்டரில் இரண்டு விதமான நேரம் இருந்தால் ஒரே வெயிலுக்கு இரண்டு மேடு தெரியும்.

மொத்தம் இரட்டிப்பாகத் தெரிகிறதா? பேட்டரி இன்வெர்ட்டர்கள் இரண்டை இணையாகப் பூட்டியிருந்தால், சில வகைகளில் தலைமை இன்வெர்ட்டரே இரண்டின் கூட்டுத்தொகையைச் சொல்லும். மென்பொருள் அதோடு இரண்டாவதையும் கூட்டினால் தொகை எகிறும். இதைப் பிடிக்க மின்வாரிய மீட்டர் முழு உதவி செய்யாது. வீட்டிலேயே செலவான சூரிய மின்சாரம் நெட் மீட்டர் வழியாகப் போவதில்லை, மிச்சம்தான் ஏற்றுமதியாகப் பதிகிறது. ஆனால் ஏற்றுமதி யூனிட் மொத்த உற்பத்தியைவிட ஒருநாளும் அதிகமாக இருக்க முடியாது. இருந்தால் உங்கள் மென்பொருள் ஏதோ ஒன்றை எண்ணாமல் விடுகிறது.

இவ்வளவையும் சரிசெய்த பிறகுதான் திரை உண்மையான பழுதைக் காட்டத் தொடங்கும். இன்வெர்ட்டர்களை ஒப்பிடும்போது நேராக யூனிட்டை ஒப்பிடாமல், கிலோவாட்டுக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். வெயில் நாளில் கிலோவாட்டுக்கு 4 யூனிட்டை ஒட்டி வரணும். ஒன்று மட்டும் தினமும் ஒரே நேரத்தில் பள்ளமானால் தென்னை மட்டையின் நிழலாக இருக்கலாம். நாளுக்கு நாள் மெல்லக் குறைந்துவந்தால் தூசி, காக்கை எச்சம்.

பகல் 11-லிருந்து 2 வரை வரைபடம் ரம்பப் பல்லாகத் தெரிந்தால் அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நம் கிராமத்து லைன்களில் இது அடிக்கடி வருவது. மத்திய மின்சார ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு விதிப்படி, லைன் வோல்டேஜ் 110 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது 230-க்கு 253 ஆனால், இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் பிரிந்துவிட வேண்டும். அது பழுதில்லை, கடமை. மூன்று பேஸ் இணைப்பில் ஒரு பேஸில் மட்டும் வோல்டேஜ் ஏறினால் அதில் மாட்டிய இன்வெர்ட்டர் மட்டும் விழும், மற்றது ஓடும். உடனே விழுந்ததைக் குற்றம் சொல்வோம்.

வோல்டேஜ் ஏறுவது மின்வாரிய லைனிலா, நம் சொந்தக் கம்பியிலா என்று பிரித்துப் பார்க்கணும். உச்சி நேரத்தில் மென்பொருளில் கொட்டகை இன்வெர்ட்டரின் வோல்டேஜைப் பாருங்கள். அதே நிமிடம் மீட்டர் பலகையில் எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். 60 மீட்டர் தள்ளியுள்ள கொட்டகைக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டு 3 கிலோவாட் அனுப்பினால், கம்பியிலேயே ஏறக்குறைய 7 வோல்ட் கூடும். மீட்டரில் 247 இருந்தால் கொட்டகையில் 254, இன்வெர்ட்டர் அணையும். 10 சதுர மில்லிமீட்டர் கம்பி என்றால் 3 வோல்ட்தான் கூடும். இன்வெர்ட்டர் மாற்றும் செலவோடு பார்த்தால் கம்பி மாற்றுவது எவ்வளவோ மேல். மீட்டர் பலகையிலேயே 250-க்கு மேல் நின்றால் பிரிவு அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள். மென்பொருளிலிருந்து பத்து நாள் வோல்டேஜ் பதிவை அச்சிட்டு அதோடு இணையுங்கள். "வோல்டேஜ் அதிகமா இருக்குங்க" என்று வாயால் சொல்வதற்கும், தேதி, மணி, வோல்ட் என்று தாளில் நீட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு.

கடைசியாக ஒன்று. பல வீடுகளில் சர்வர் கணக்கு, பொருத்திக் கொடுத்தவரின் மின்னஞ்சலில்தான் இருக்கிறது. உழவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும். அவர் தொழிலை விட்டுப் போனால் ஒரு அமைப்பையும் மாற்ற முடியாது. மீதித் தொகையைக் கொடுக்கும் முன்பே கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றி, ஒவ்வொரு இன்வெர்ட்டரின் வரிசை எண், மோட்பஸ் எண், கடவுச்சொல் மூன்றையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.