படைவீரரின் அறக்காயமும் அதனை வினவும் தமிழும்

போரிலிருந்து மீண்ட வீரரின் மனத்துயரை அச்சத்தின் விளைவாக மட்டுமே நோக்குவது நெடுநாள் வழக்கம். ஆனால் சிலரை வருத்துவது அச்சமன்று. தம் அறவுணர்வுக்கு மாறாக நிகழ்ந்த ஒன்றே ஆகும். தாம் செய்தது, தடுக்கத் தவறியது, நம்பிய தலைமை கைவிட்டது ஆகிய மூன்றும் அதற்குக் காரணமாகலாம். அமெரிக்க உளமருத்துவர் ஜானத்தன் ஷே, வியட்நாம் போர் வீரரைக் குறித்து 1994-இல் வெளியிட்ட நூலில் தலைமையின் துரோகத்தை வலியுறுத்தினார். பிரெட் லிட்ஸ் குழுவினர் 2009-இல் வீரரின் சொந்தச் செயலையும் சேர்த்து இக்கருத்தை விரித்தனர். இதனைத் தமிழில் ‘அறக்காயம்’ எனலாம்.

தமிழ் மரபுக்கு இது புதிதன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனை வீழ்த்தியது பகைவர் வாளன்று. ஆராயாது வழங்கிய தண்டனையின் தவற்றை அவனே உணர்ந்தமைதான்.

மலாயாத் தமிழர் வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், பிரித்தானிய அரசுக்கு உறுதிமொழி அளித்திருந்த இந்திய வீரர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர், மறுத்தோரும் பலர். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்றபின் இரப்பர்த் தோட்டத் தமிழரும் இணைந்தனர். 1944-இல் இம்பால் களத்தில் இந்தியர் இரு தரப்பிலும் நின்றனர். நாட்டன்புக்கும் அளித்த வாக்குக்கும் இடைப்பட்ட அந்நெருடலை, ‘அஞ்சினீர்களா’ என்னும் வினா தொடாது.

மேலைநாட்டுப் படைகளிலும் முன்னாள் வீரர் மருத்துவமனைகளிலும் சமயப் பணியாளர் இத்துயரை இனங்காண வினாநிரல்களைப் பயன்படுத்துகின்றனர். நாஷ் குழுவினர் 2013-இல் வெளியிட்டது ஒன்பது வினாக்களைக் கொண்டது. கோனிக் குழுவினர் 2018-இல் வெளியிட்ட அளவுகோல் 45 வினாக்களைக் கொண்டது. அதன் சுருக்கப் பதிப்பில் பத்து உள்ளன. துரோகம், குற்றவுணர்வு, நாணம், நம்பிக்கையிழப்பு, தன்னை மன்னிக்க இயலாமை, சமயப் போராட்டம் முதலியன அவற்றுள் வினவப்படும். இவை நோயைத் தீர்மானிப்பன அல்ல. உரையாடலுக்கு வாயில் திறப்பனவே. தற்கொலை எண்ணம் புலப்படின் உடனே மருத்துவ உதவியை நாடல் வேண்டும்.

இவ்விடத்தில் தமிழாசிரியரின் பொறுப்பு தொடங்குகிறது. ஜாசின், அலோர் காஜா போன்ற ஊர்களில் வாழும் முதிய வீரர் ஒருவரிடம் ‘குற்றவுணர்வு உண்டா’ எனக் கேட்பின், குற்றஞ்சாட்டப்பட்டதாகக் கருதி அவர் ‘இல்லை’ என்று முடித்துவிடலாம். ‘மனசு உறுத்துதா, ஐயா?’ எனத் தோட்டப்புறப் பேச்சில் கேட்பின் வேறு விடை வரலாம். பாவம், பழி, வெட்கம், மானம் ஆகிய சொற்கள் ஒன்றல்ல. பாவம் இறைவன்முன் நிற்பது. பழி ஊரார்முன் நிற்பது. ‘வினைப்பயன்’ என்னும் சொல்லோ ஒருவர்க்கு ஆறுதலாகவும் மற்றொருவர்க்குத் தீராத தண்டனையாகவும் ஒலிக்கும்.

எனவே நேர்மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. தமிழாக்கிய வினாக்களை வேறொருவர் மூலமொழிக்குத் திருப்பிப் பெயர்த்து ஒப்பிடுதல் வேண்டும். பின்னர், அச்சொற்களை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என வீரரிடமே கேட்டுத் திருத்துதலும் வேண்டும். கோவில் அர்ச்சகரும் பிற சமயப் பெரியோரும் இதில் துணைநிற்கலாம். பிழையான சொல் ஒன்று, வாழ்நாள் முழுதும் மறைத்த காயத்தை மேலும் மறைத்துவிடும். அதனை வெளிக்கொணரும் சொல்லைத் தேர்ந்து தருவது தமிழறிந்தோர் ஆற்றத்தக்க பணியாகும்.