கிறிஸ்து பிறப்பு விழாவும் நம் வட்டாரக் குழந்தைகளும்

முன்னுரை

ஆண்டு முழுவதும் வயிற்றுப்பாட்டிற்காக ஓடிக்கொண்டே இருக்கும் மனிதன், சற்றே நின்று அடுத்தவன் முகத்தைப் பார்ப்பது விழா நாளில்தான். நம் மாவட்டத்தில் அத்தகைய விழாக்களுக்குப் பஞ்சமில்லை. விருதுநகரில் பங்குனிப் பொங்கல், திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர், இருக்கன்குடியில் ஆடி வெள்ளி என்று ஊருக்கு ஒரு விழா உண்டு. அவ்வரிசையில் டிசம்பர்த் திங்களில் வருவது கிறிஸ்து பிறப்பு விழா.

நான் கிறிஸ்தவ சமயத்தைச் சேர்ந்தவன் அல்லன். ஆயினும் சிவகாசிக்கு அருகில் தீப்பெட்டியும் பட்டாசும் பிழைப்பாக உள்ள ஒரு சிற்றூரில், திருச்சபை இருக்கும் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன். அச்சபையார் விழாக் காலத்தில் பிற சமயத்துக் குழந்தைகளையும் ஊராரையும் எவ்வாறு வரவேற்கின்றனர், அவ்வழக்கம் எங்கிருந்து வந்தது, அதனால் நம் வட்டாரத்திற்கு என்ன பயன் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மார்கழியும் கிறிஸ்துமசும்

டிசம்பர் 25 என்பது தமிழ்க் கணக்கில் மார்கழி ஒன்பது அல்லது பத்தாம் நாளாக அமையும். மார்கழி என்றாலே நம் மாவட்டத்திற்குத் தனிச் சிறப்பு உண்டு. ஆண்டாள் பிறந்த திருவில்லிபுத்தூர் நம்முடையது அல்லவா? விடியலில் எழுந்து, பாடிக்கொண்டே தெருவைச் சுற்றி வந்து, உறங்குவோரை எழுப்பும் பழக்கம் இம்மண்ணில் வேரூன்றியது.

தென் மாவட்டத் திருச்சபைகள் இப்பழக்கத்தைத் தமதாக்கிக்கொண்டன. கிறிஸ்துமசுக்கு முந்திய நாட்களில் சபையார் பனியையும் பொருட்படுத்தாமல் விடியலில் தெருத்தெருவாகப் பாடி வருவதைப் பல ஊர்களில் 'பஜனை' என்றே அழைப்பர். பாடுவதும் பெரும்பாலும் நம் இராகதாளங்களில் அமைந்த கீர்த்தனைகளே. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) போன்றோர் இயற்றிய இத்தகைய கீர்த்தனைகளை, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பவர் 1853-இல் தொகுத்து வெளியிட்டார். மேல்நாட்டு மெட்டுகளை மட்டும் பாடியிருந்தால் திருச்சபையின் பாட்டு ஆலயச் சுவரைத் தாண்டியிராது. கீர்த்தனையாக வந்ததனால்தான் அது தெருவிலும் திண்ணையிலும் நுழைந்தது எனலாம்.

இரவில் நடைபெறும் 'கேரல்' பவனி பிற்காலத்தது. வாலிபர் சங்கத்தார் டோலக், ஆர்மோனியத்துடன் புறப்படுவர். முன்னே சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியும் அணிந்த கிறிஸ்துமஸ் தாத்தா ஆடி வருவார். எங்கள் தெருவில் அவர் கிறிஸ்தவ வீடுகளில் மட்டும் நிற்பதில்லை. விளக்கு எரியும் வாசல் எதுவாயினும் நிற்பார், மிட்டாய் கொடுப்பார். சிறு வயதில் நானும் அவருடைய கூட்டத்திற்குப் பின்னால் ஊர் எல்லை வரை நடந்திருக்கிறேன்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வாசலில் நின்று "வாருங்கள்" என்று அழைப்பது ஒரு வகை வரவேற்பு. முதலில் தான் எழுந்து மற்றவன் வாசலுக்குப் போவது அதனினும் உயர்ந்த வரவேற்பு. பஜனையும் பவனியும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

கூடாரத்தில் தொடங்கிய வரலாறு

இப்படித் தெருவுக்குச் செல்லும் மரபுக்கு நம் வட்டாரத்தில் ஒரு முன்கதை உண்டு. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்படும் வரை, சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகள் திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. இந்த வடதிருநெல்வேலிப் பகுதியில் 1854-இல் சி.எம்.எஸ். சங்கத்தைச் சேர்ந்த இராக்லண்டு என்பவரும் அவருடைய தோழர்களும் ஊர் ஊராகச் சுற்றும் பணியைத் தொடங்கினர். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று உயர்ந்த தேர்ச்சி பெற்றவர் இராக்லண்டு. அங்கேயே பேராசிரியராக வசதியுடன் வாழ்ந்திருக்கலாம். அவரோ இக்கரிசல் வெயிலில் கூடாரம் அடித்துத் தங்கி, 1858 அக்டோபர் 22-இல் சிவகாசியில் உயிர் நீத்தார். அவருடைய பணிக்குத் துணை நின்றவர்கள் தெற்குத் திருநெல்வேலிச் சபைகள் அனுப்பிய தமிழ் உபதேசியார்கள். இப்பணியின் வழியாகவே சிவகாசியை அடுத்த சாட்சியாபுரம் கிறிஸ்தவ ஊராக வளர்ந்து, பள்ளிகளுக்குப் பெயர் பெற்றது. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. இன்று இப்பகுதிச் சபைகள் அதன் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தைச் சேர்ந்தவை. கத்தோலிக்கப் பங்குகள் மதுரை உயர்மறைமாவட்டத்தில் அடங்கும்.

ஞாயிற்றுக்கிழமையின் கதை

சபையில் குழந்தைகளுக்கென்றே அமைந்தது 'ஓய்வுநாள் பள்ளி'. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளில் நடிப்பதும் பாடுவதும் இப்பள்ளிப் பிள்ளைகளே. இப்பள்ளி தோன்றிய வரலாறு சிவகாசிக்காரர்களாகிய நம்மைத் திடுக்கிட வைப்பது.

இங்கிலாந்தில் குளோஸ்டர் என்றொரு நகரம். அங்கே குண்டூசி செய்யும் தொழில் சிறந்திருந்தது. வறிய வீட்டுக் குழந்தைகள் வாரத்தில் ஆறு நாளும் தொழிற்கூடங்களில் உழைத்தனர். ஞாயிறன்று மட்டும் கவனிப்பாரின்றித் தெருவில் திரிந்தனர். அந்நகரில் செய்தித்தாள் அச்சிட்டு வெளியிட்டு வந்த இராபர்ட் ரெய்க்ஸ் என்பவர், அக்குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க 1780-இல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். ஞாயிறு ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது? மற்ற ஆறு நாளும் குழந்தைக்குச் சொந்தமாக இல்லை என்பதால்தான்!

சிறு கைகள் தேவைப்படும் தொழில், அச்சுக்கூடம், ஞாயிறு மட்டும் விடுமுறை. இம்மூன்றும் நம் ஊரிலும் இருந்தன. கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோர் 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலுக்கு வித்திட்டனர். மழை பொய்த்த பூமிக்கு அத்தொழில் சோறு போட்டது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தீப்பெட்டி ஒட்டவும் குச்சி அடுக்கவும் பல்லாண்டுக் காலம் சிறுவர் சிறுமியரும் சென்றனர் என்பதும் வரலாறே.

என் தாயாரும் அவர்களுள் ஒருவர். எட்டு வயதில் விடியுமுன் ஆலை வண்டியில் ஏறியவர். ஞாயிறு ஒன்றே அவருக்கு விடுமுறை. அந்த நாளில் பக்கத்து வீட்டுச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓய்வுநாள் பள்ளிக்குப் போயிருக்கிறார். நெற்றியில் திருநீற்றுடன்தான் போனார். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. அங்கே படக் கதைப் புத்தகத்தை விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக் கூட்டக் கற்றார். ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் பாட்டுப் பாடி எவர்சில்வர் டம்ளர் ஒன்றைப் பரிசாகப் பெற்றார். இன்று அவர் என் கல்லூரிக் கட்டண ரசீதைத் தாமே படித்துக் கையெழுத்திடுகிறார் என்றால், அதற்கு அந்த ஞாயிறுகளே காரணம்.

குழந்தை உழைப்பைத் தடுக்கவும் ஒழுங்குபடுத்தவும் 1986-இல் சட்டம் இயற்றப்பட்டது. சிவகாசிக் குழந்தைகள் பொருட்டு எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ.20,000 செலுத்த வேண்டும் என்பது அத்தீர்ப்பு. ஆகவே இன்றைய குழந்தை பள்ளிக்குச் செல்கிறது. ஓய்வுநாள் பள்ளியின் வேலையும் மாறிவிட்டது. எழுத்தறிவிப்பதைவிடக் கூச்சம் போக்கி மேடையேற்றுவதே இப்போது அதன் பெரும்பணி.

விழா நாளும் ஊராரும்

அரையாண்டுத் தேர்வு முடிந்த மாலைகளில் ஒத்திகை சூடு பிடிக்கும். பிறப்பு நாடகத்தில் மேய்ப்பர் வேடத்திற்கு எத்தனை பேர் வந்தாலும் இடம் உண்டு. எங்கள் ஊரில் அவ்வேடம் பூணுவோரில் பாதிப்பேர் சபையைச் சேராத பிள்ளைகள். தலையில் துண்டும் கையில் கம்பும் இருந்தால் மேய்ப்பர் ஆகிவிடலாம். அந்த நாடகத்தின் பொருளும் அதற்கு ஏற்றதே. சத்திரத்தில் இடம் மறுக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை அது. குழந்தை பிறந்த செய்தியை முதலில் பெற்றவர்கள் இரவெல்லாம் வெட்டவெளியில் கிடந்த கூலியாட்கள்.

நான் முதன்முதல் ஆராதனைக்குச் சென்றபோது, செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் வாசலிலேயே தயங்கினேன். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். "உள்ள வாங்க தம்பி, வாசல்ல நிக்கிறதுக்கா வந்தீங்க?" என்று கேட்டு, தம் அருகிலேயே அமர்த்திக்கொண்டார்.

ஆராதனை முடிந்தபின் தட்டுகள் புறப்படும். முறுக்கு, அதிரசம், அச்சுமுறுக்கு, கேக் ஆகியவற்றை வைத்துத் துணியால் மூடி, பிள்ளைகள் கையில் கொடுத்து அண்டை வீடுகளுக்கு அனுப்புவர். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து சென்ற தட்டுக்கு மறுதட்டு அது. தட்டை வெறுமையாகத் திருப்புவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஒரு பிடி சீனியாவது வைத்துத்தான் அனுப்புவோம். பல சபைகளில் 'அசனம்' என்னும் பொதுவிருந்தும் உண்டு. முதலாளியும் தொழிலாளியும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது அதன் சிறப்பு.

வாசல் என்பது சிறிய செய்தியா?

"ஆலயத்திற்குள் அழைத்து உட்கார வைப்பதில் என்ன பெருமை?" என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நம் வட்டார வரலாறு அறிந்தோர் அவ்வாறு கேளார். யார் எந்தக் கோயிலுக்குள் நுழையலாம் என்ற பூசலில்தான் 1899-இல் சிவகாசி பற்றி எரிந்தது. கிறிஸ்தவரிடையேயும் இக்குறை இல்லாமல் இல்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பகுதியாகப் பிரித்தே கத்தோலிக்க ஆலயம் கட்டப்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதன் பிரிவுச் சுவர் இடிக்கப்பட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் அனைவருக்கும் திறந்தது 1939-இல். வாசல்கள் தாமே திறப்பதில்லை; யாராவது திறக்க வேண்டியிருக்கிறது. இன்றும் விருந்தில் ஒரே பந்தியில் அமர்வோர் கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் பிரிந்து நிற்கும் ஊர்கள் உள்ளன.

எனவே வரவேற்பை அளக்கச் சில அளவுகோல்கள் வேண்டும். முதலாவது, வந்த குழந்தை எங்கே அமர்த்தப்படுகிறது என்பது. கடைசி வரிசையில் அமர்த்திப் பொட்டலம் கொடுத்து அனுப்புவது தருமம் ஆகலாம், வரவேற்பு ஆகாது. இரண்டாவது, பரிசு வாங்கும் ஏழைக் குழந்தையைப் புகைப்படத்திற்கு நிறுத்தாமல் இருப்பது. மூன்றாவது, கைம்மாறாக அதன் வழிபாட்டைக் கேட்காமல் இருப்பது. என் தாயாரின் திருநீற்றை அழிக்கச் சொல்லாத அந்த ஆசிரியையின் பண்பே இம்மூன்றிலும் தலையாயது என்பேன்.

நம் பகுதிக்கே உரிய நான்காவது ஒன்றும் உண்டு. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்துகளை நாம் மறக்கவில்லை. மருந்து கலக்கச் சென்ற தந்தையோ தாயோ திரும்பாத வீடுகள் நம்மிடையே உண்டு. கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், டிசம்பர் 28, திருச்சபை நாட்காட்டியில் மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது மன்னனால் கொல்லப்பட்ட பச்சிளங் குழந்தைகளின் நினைவு நாள் அது. பிறப்பின் மகிழ்ச்சிக்குப் பக்கத்திலேயே குழந்தைகளின் துயரத்தையும் அந்நாட்காட்டி வைத்திருக்கிறது. விபத்தால் இருண்ட வீட்டுப் பிள்ளையைத் தேடிச் சென்று அழைத்து வரும் சபையே அந்நாளின் பொருளை உணர்ந்த சபை.

வெடியைப் பற்றி ஒரு சொல். 2018 அக்டோபர் 23-இல் அளித்த தீர்ப்பில், கிறிஸ்துமஸ் இரவில் 11.55 முதல் 12.30 வரை, அதாவது 35 நிமிடம் மட்டும் பட்டாசு வெடிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நாடு முழுவதும் அந்தச் சிறு பொழுதில் பூக்கும் மத்தாப்பில் நம் வட்டாரப் பெண்களின் கைவேலை இருக்கிறது. அவ்வொளியைக் காணும்போது அந்தக் கைகளையும் நினைப்பது நம் கடமை.

முடிவுரை

மாணவத் தோழர்களே! சமயங்கள் பல, மார்கழிப் பனி ஒன்று. நம் வட்டாரத் திருச்சபைகள் தெருவுக்கு வந்து பாடியதனால் தெரு ஆலயத்திற்குள் சென்றது. ஆறு நாளும் தொழிலுக்கு உரியதாயிருந்த குழந்தைக்கு ஏழாம் நாளில் ஓர் இடம் கிடைத்தது. இவ்வழக்கம் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டியதில்லை. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தினர் இந்த விடுமுறையில் பக்கத்துக் கிராமம் ஒன்றிற்குச் செல்லட்டும். பள்ளியை நிறுத்திவிட்ட பிள்ளை ஒன்றையேனும் கண்டு மறுபடி வகுப்பில் அமர்த்தட்டும். அப்பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தும் நாளே நமக்குத் திருநாள்.