கன்று மேய்க்க அனுப்பினாள் யசோதை

சென்ற மாதப் பிரதோஷத்தன்று தீபாராதனை முடிந்து வெளிப் பிரகாரத்தில் சற்றே அமர்ந்திருந்தேன். நெடுநாள் பழக்கமுள்ள அம்மையார் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். எதிரே வாகன மண்டபத்தின் முன்பு சிறுவர்கள் சிலர் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தனர். அம்மையாரின் எட்டு வயதுப் பேரன் மட்டும் பாட்டியின் முந்தானையைப் பிடித்தபடி அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான். “நீயும் போய் விளையாடு, கண்ணா” என்றேன். சிறுவன் பாட்டியின் முகத்தைப் பார்த்தான். அவரோ அவன் கையை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டார்.

“பெற்றவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், அண்ணா. பள்ளிக்கூடம் விட்டு நாலு மணிக்கு வந்தால் இரவு எட்டு மணி வரை இவன் என் பொறுப்பு. வெளியே விட்டு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அதனால் கதவைப் பூட்டிவிட்டு, கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறேன்” என்றார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அன்று. பேரன் பேத்திகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்து சேர்ந்த பாட்டன் பாட்டியர் பலரும் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி. பெற்ற பிள்ளையை வளர்த்தபோது இல்லாத அச்சம், பிள்ளையின் பிள்ளையை வளர்க்கும்போது வந்துவிடுகிறது. அந்த அச்சத்தை எள்ளி நகையாடுவது முறையாகாது. அன்றிரவு அதே நினைவுடன் ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தத்தைப் புரட்டினேன். பலமுறை படித்த பகுதிதான். ஆனால் அந்த அம்மையாரின் கேள்வியோடு படித்தபோது அது புதிதாய் விளங்கிற்று.

உபநந்தர் என்னும் முதியவர்

கோகுலத்தில் கண்ணனுக்கு நேர்ந்த இடர்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். பூதனை வந்தது வீட்டுக்குள்ளே. அதுவும் பேரழகியாக, பால் கொடுக்கும் தாயாக வந்தாள். வண்டி முறிந்து விழுந்தது, குழந்தையைப் படுக்க வைத்திருந்த இடத்தில். சுழற்காற்றாக வந்த அசுரன் குழந்தையைத் தூக்கிச் சென்றதும் யசோதையின் பக்கத்திலிருந்துதான். குறும்பு தாளாமல் அவள் உரலோடு கட்டிப் போட்டாள். கட்டுண்ட குழந்தை உரலை இழுத்துச் சென்றதில் இரட்டை மருத மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஆக, வீட்டுக்குள் வைத்திருந்ததும் காக்கவில்லை. கட்டி வைத்ததும் காக்கவில்லை.

அப்போது ஆயர்கள் கூடி ஆலோசித்தார்கள். அந்தக் கூட்டத்தில் வயதிலும் அறிவிலும் மூத்தவரான உபநந்தர் எழுந்து பேசினார். குழந்தைகளுக்குத் தொடர்ந்து கேடு வருவதை எடுத்துச் சொன்னார். ஆனால், “குழந்தையைக் கதவடைத்து வையுங்கள்” என்று அவர் சொல்லவில்லை. “இவ்விடத்தை விட்டுப் போவோம், பசுக்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்ற பிருந்தாவனத்தில் குடியேறுவோம்” என்பதே அவர் கூறியதன் கருத்து. அன்றே வண்டிகள் பூட்டப்பட்டன, ஊரே புறப்பட்டது. புதிய இடத்தில் வண்டிகளைப் பிறைநிலா வடிவில் வளைத்து நிறுத்தி அவற்றிடையே குடியிருப்பை அமைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டுவது. பலராமனும் கண்ணனும் முதலில் கன்றுகளை மேய்க்க அனுப்பப்பட்டார்கள். தனியாக அன்று, ஆயர் சிறுவர்களோடு. தொலைவிலும் அன்று, குடியிருப்புக்கு அருகிலேயே. வயது ஏறிய பின்னரே பசுக்களை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் செல்லும் அனுமதி கிடைத்தது. முதலில் முற்றம், அடுத்துக் கன்று, பின்னர் பசு என ஒவ்வொரு படியாக அவர்களுக்கு வெளி திறந்தது.

“அவன் பகவான், நம் வீட்டுப் பிள்ளை அப்படியா?” என்று கேட்கலாம். கண்ணன் பகவான் என்பது நமக்குத் தெரியும். யசோதைக்கோ அவன் வயிற்றுப் பிள்ளை. அவள் நெஞ்சு படும் பாட்டைப் பெரியாழ்வார் தம் திருமொழியில் பாடியிருக்கிறார். குடையும் செருப்பும் கொடுக்காமல் பிள்ளையைக் கன்றின் பின்னே அனுப்பிவிட்டோமே என்று யசோதை தன்னையே நொந்துகொள்கிறாள். அந்தி வேளையில் நாற்சந்தியில் நிற்காதே, காப்பிட வா என்று திருவெள்ளறைப் பெருமானைக் குழந்தையாகப் பாவித்து அவள் குரலில் ஆழ்வார் அழைக்கிறார். தாய் அஞ்சாமல் இல்லை. அஞ்சிக்கொண்டேதான் அனுப்பினாள், அந்தி சாய்ந்ததும் அழைத்துக்கொண்டாள்.

குழியை மூடுவதே காப்பு

2019ஆம் ஆண்டு தீபாவளியை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், இரண்டு வயதுக் குழந்தை பயனற்றுக் கிடந்த ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. தமிழகமே விளக்கேற்றவும் மனமின்றிப் பிரார்த்தித்தது. பல நாள் முயன்றும் அந்தக் குழந்தையை உயிரோடு மீட்க இயலவில்லை. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை உரிய முறையில் மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே நெறிமுறைகள் வகுத்திருந்தது.

இத்தகைய செய்தியைக் கேட்டதும் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டத் தோன்றுகிறது. பூட்டப்பட வேண்டியது பிள்ளையன்று. மூடப்பட வேண்டியது குழி. எச்சரிக்கை என்பது எதற்கென்று தெரிந்து அஞ்சுவது. எதற்கென்று தெரியாமல் அஞ்சினால் அது வெறும் கலக்கமாகவே நின்றுவிடும். எனவே நாம் உண்மையில் அஞ்ச வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது நீர். கோயில் குளமாயினும், ஊருணியாயினும், மழைநீர் தேங்கிய கட்டுமானப் பள்ளமாயினும் நீர் அருகில் இருந்தால் பெரியவர் ஒருவரின் கண் பிள்ளையை விட்டு அகலலாகாது. மூழ்கும் குழந்தை கூச்சலிடும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே எழுவதில்லை. மற்றப் பிள்ளைகள் உடனிருக்கிறார்கள் என்பதும் காவலாகாது. ஒருவனைக் காப்பாற்ற இன்னொருவன் குதித்து இருவரும் மாய்ந்த துயரங்கள் உண்டு. “குதிக்காதே; கயிறோ கழியோ துணியோ நீட்டு, பெரியவர்களைக் கூவி அழை” என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பள்ளி செல்லும் வயது வந்தால் தக்கவரிடம் நீச்சல் பழக்குவது நல்லது.

இரண்டாவது வாகனம். உருண்டோடும் பந்தின் பின்னே ஓடும் குழந்தை சாலையைப் பார்ப்பதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பின்னோக்கி வரும் காரின் ஓட்டுநருக்குச் சிறு குழந்தை கண்ணில் படாது. ஆகவே விளையாடும் இடமும் வண்டி நிறுத்தும் இடமும் வேறாக இருக்க வேண்டும். வேறிடம் இல்லையென்றால் மாலையில் ஒன்றரை மணி நேரமாவது ஒரு பகுதியில் வண்டிகள் வாராதபடி குடியிருப்போர் தமக்குள் பேசி ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

மூன்றாவது தெருநாய். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்டலாகாது. ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று தடுப்பூசி போட வேண்டும். அடிப்பார்களோ என்று பிள்ளை அதை மறைக்காமல் இருக்கும்படி நாம் நடந்துகொள்வதும் முக்கியம்.

நான்காவது தீய மனிதர்கள். இங்கே பூதனையின் கதையை நினைவிற்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமைகள் குறித்து இந்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. பாலியல் கொடுமை செய்தவர்களுள் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள் என்று அது தெரிவித்தது. கதவைப் பூட்டுவதால் மட்டும் இக்கேடு நீங்காது. “யாராவது தொட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்றால் உடனே என்னிடம் வந்து சொல், உன்னைக் கோபிக்க மாட்டேன்” என்று பாட்டி சொல்லியிருப்பாளாயின் அதைவிடப் பெரிய பூட்டு இல்லை. உதவி வேண்டுமானால் குழந்தைகளுக்கான 1098 என்னும் தொலைபேசி எண் இருக்கிறது.

அச்சமே கேடான நாள்

எச்சரிக்கை எல்லை கடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. 2018ஆம் ஆண்டு மே மாதம், குழந்தை கடத்துவோர் வந்திருக்கிறார்கள் என்ற பொய்ச் செய்தி கைப்பேசி வழியே ஊர் ஊராகப் பரவியிருந்தது. அந்நாளில் சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடித் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் சென்ற குடும்பத்தில், அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருந்தார். வழியில் கண்ட குழந்தைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்தார். கடத்த வந்தவர்கள் என்று எண்ணிய கூட்டம் அவர்களைத் தாக்கியது. அம்மையார் உயிரிழந்தார்.

கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தையைக் கண்டால் ஒரு வாழைப்பழமாவது கொடுப்பது நம் வழக்கமல்லவா? நம்மைப் போன்ற ஒருவர்தாம் அன்று மாண்டார். கைப்பேசியில் வரும் அச்சமூட்டும் செய்திகளை உண்மையா என்று பாராமல் அடுத்தவருக்கு அனுப்புவதில் நம் வயதினரும் பின்தங்கியவர்கள் அல்லர். அனுப்பும்முன் அந்த அம்மையாரை நினைத்துக்கொள்வோமாக.

உள்ளே இருப்பதிலும் இழப்பு உண்டு

பூட்டிய வீடு ஆபத்தில்லாதது என்று எண்ணுகிறோம். அங்கேயும் குழந்தை இழப்பது உண்டு. அது உடனே தெரிவதில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சில பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாகத் திறந்தவெளியில் செயல்பட வைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் அப்பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 40. பகல் வெளிச்சம் கண்ணுக்குச் செய்யும் நன்மை இது. 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் உழைக்க விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உடலுக்கு அப்பாலும் உண்டு. தோற்றால் அழாமல் இருக்கவும், சண்டையிட்டவனோடு மறுநாள் சேரவும், சிராய்த்த முழங்காலோடு எழுந்து நிற்கவும் எந்தக் கைப்பேசியும் கற்றுத் தராது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் நூல்களை எடுத்துப் பாருங்கள். அவை முதலில் பாடுவது காப்புப் பருவம். குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டிய பிறகே மற்றப் பருவங்கள் தொடங்குகின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசியாக வருவது சிறுதேர்ப் பருவம்; குழந்தை தன் சிறிய தேரை உருட்டி விளையாடும் பருவம். பெண்பாற் பிள்ளைத்தமிழில் நீராடலும் ஊசலும் வருகின்றன. தொட்டிலில் இட்ட காப்பு, தேர் உருட்டும் நாளுக்காகவே இடப்பட்டது.

அடுத்த பிரதோஷத்திலும் அந்த அம்மையாரைக் கண்டேன். உபநந்தரின் கதையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எங்கள் குடியிருப்பில் வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டுத் திண்ணை இருக்கிறது. நாலரை மணிக்கு அங்கே போய் உட்கார்ந்து ஜபமாலையை உருட்டினால், விளக்கு வைக்கும் நேரம் வரை இவன் விளையாடலாம். இவன் வயதுப் பிள்ளைகள் நாலு பேர் இருக்கிறார்கள். மற்றப் பாட்டிகளையும் கூப்பிட்டுப் பார்க்கிறேன். ஆனாலும் மனசு அடித்துக்கொள்ளும், அண்ணா” என்றார்.

அடித்துக்கொள்ளட்டும். யசோதைக்கும் அடித்துக்கொண்டது. அந்தத் திண்ணையில் நான்கு முதியவர்கள் அமர்ந்தால் அதுவே பிருந்தாவனத்து வண்டிகள் போல ஒரு பிறைநிலாக் காவலாகும். அவர் பேசி முடிப்பதற்குள் பேரன் முந்தானையை விட்டுவிட்டு வாகன மண்டபத்தை நோக்கி ஓடினான். அம்மையார் அவனைக் கூப்பிடவில்லை. கண்ணை மட்டும் அவன் மேலிருந்து எடுக்கவில்லை.