வீட்டுக்குள் ஒரு பட்டறை: அரூப ஓவியர் தெரிந்துகொள்ள வேண்டியவை

சித்தேரி மலையில் சொந்த வீட்டில் உட்கார்ந்து அரூப ஓவியம் வரைந்து பிழைக்க முடியுமா என்று அரூர் பஸ் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், பத்துக்கு ஒன்பது பேர் சிரிப்பார்கள். ஆளும் இல்லை, மாடும் இல்லை, மரமும் இல்லை; வெறும் வண்ணத்தை அப்பி வைத்திருப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பார்கள். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வரைந்து பேர் வாங்கியவர்களும் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். அச்சுதன் கூடல்லூர் படித்தது சிவில் என்ஜினியரிங், வேலை பார்த்தது பொதுப்பணித் துறையில். ஓவியத்துக்கென்று பட்டம் வாங்கியவர் இல்லை. சென்னை ஓவியக் கல்லூரியில் நடந்த மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் பழகியவர். 1988-இல் லலித் கலா அகாடமியின் தேசிய விருது பெற்றார். 2022-இல் காலமானார். ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, அங்கே கூடியவர்களைத் தாங்கியது ஓவிய விற்பனை மட்டுமில்லை. பாத்திக் துணி செய்து விற்ற காசும்தான்.

ஆக, பிழைப்பு உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே வேலை நடப்பதால், நடப்பது ஒரு தொழில் என்பதே ஓவியருக்கு மறந்துபோகிறது. ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு, ஆய்வாளர் வருவார், சம்பளம் நின்றால் தொழிலாளர் அலுவலகத்தின் படியேறலாம். வீட்டு ஓவியருக்கு இதெல்லாம் எதுவும் இல்லை. முதலாளியும் அவரே, ஆய்வாளரும் அவரே.

முதலில் உயிருக்கு ஆபத்தானதைப் பார்ப்போம். எண்ணெய் வண்ணம் பயன்படுத்துகிறவர் தூரிகையை டர்பன்டைனில் அலசுவார், பழைய வேட்டித் துணியில் துடைப்பார், துணியைப் பந்தாகச் சுருட்டி மூலையில் எறிவார். வண்ணத்தில் கலந்திருப்பது ஆளி விதை எண்ணெய். அது காயும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சூட்டைக் கிளப்பும். விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு ஆறிவிடும். சுருட்டிய துணியில் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். தீக்குச்சி கிழிக்காமலே, சில மணி நேரத்தில், வீட்டில் எல்லோரும் தூங்கும்போது தானாகப் பற்றிக்கொள்ளும். வழி எளிது: துணியை வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள். டர்பன்டைனின் ஆவி ஏறக்குறைய 35 டிகிரி வெப்பத்திலேயே தீப்பிடிக்கக்கூடியது. அந்த ஆவி காற்றைவிட கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து போகும். விறகடுப்போ கேஸ் அடுப்போ எரியும் அறையிலும், அதற்கு அடுத்த அறையிலும் அதைத் திறக்கவே கூடாது.

டர்பன்டைனைச் சொம்பிலும் தண்ணீர் பாட்டிலிலும் ஊற்றி வைக்கும் பழக்கம் அதைவிட மோசம். குழந்தை தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; வாந்தியின்போது அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உடனே 108-ஐ அழையுங்கள், பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்க நேரமாகும் என்பதால் இதில் தாமதமே கூடாது.

வண்ணக் குழாயின் முதுகில் பொடி எழுத்தில் நிறமியின் குறியீடு இருக்கும். அதைப் படிக்காமல் வாங்காதீர்கள். பி.டபிள்யூ.1 என்றால் ஈய வெள்ளை. பி.ஒய்.34 என்றால் ஈயம் கலந்த குரோம் மஞ்சள். பி.ஒய்.35, பி.ஆர்.108 இரண்டும் காட்மியம். வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி போட்டது. அந்த விதி வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கானது. ஓவியக் குழாயை அது காப்பாற்றும் என்று நம்பியிருக்க வேண்டாம். பிரேசிலின் பெரும் ஓவியர் காண்டிடோ போர்டினாரி 1962-இல் இறந்தது வண்ணத்திலிருந்த ஈயம் உடம்பில் ஏறித்தான். மருத்துவர்கள் எச்சரித்தும் அவர் வண்ணத்தை விடவில்லை. நாட்டு வண்ணம் என்றால் நல்லது என்று ஒரு பேச்சு இப்போது பரவுகிறது. நாட்டு மருந்துக் கடைச் சாதிலிங்கத்தில் இருப்பது பாதரசம், அரிதாரத்தில் இருப்பது ஆர்சனிக். இரண்டையும் அரைத்துத் தூளாக்கி மூச்சில் இழுப்பதற்கு, நல்ல கம்பெனியின் அக்ரிலிக் எவ்வளவோ மேல். நிறமித் தூளைக் கலக்கும்போது என்95 முகக்கவசம் போடலாம். அது தூளைத் தடுக்கும், டர்பன்டைன் ஆவியைத் தடுக்காது. ஆவிக்கு மருந்து திறந்த ஜன்னல். தூரிகையை வாயில் கவ்வுவதையும், வண்ணக் கையோடு டீ குடிப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

சித்தேரியில் இருப்பவருக்கு இன்னொரு கேள்வி வரும்: வண்ணத்துக்கு வேண்டிய கடுக்காயும் பிசினும் காட்டிலேயே கிடைக்கிறதே, எடுக்கலாமா? 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, வழிவழியாகச் சேகரித்து வரும் பழங்குடி மக்களுக்குச் சிறு வனப் பொருட்களைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் உரிமை உண்டு. மலையாளிப் பழங்குடியினர் கிராம சபை வழியாக இந்த உரிமையைக் கேட்கலாம். ஆனால் சிறு வனப் பொருள் என்று சட்டம் சொல்வது தாவரத்திலிருந்து வருவனவற்றையும் தேன், மெழுகு, அரக்கு போன்றவற்றையும்தான். செம்மண்ணும் காவிக்கல்லும் அதில் சேராது. காப்புக்காட்டில் தோண்டினால் வழக்கு வரும். வேண்டிய மண்ணைச் சொந்தப் பட்டா நிலத்தில் அள்ளிக்கொள்ளுங்கள். காட்டு வழக்கு என்றால் என்னவென்று இந்தப் பக்கத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992-இல் சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வந்தவர்கள் செய்த கொடுமைக்கு, 2011-இல்தான் தர்மபுரி நீதிமன்றம் 215 அரசு ஊழியர்களைத் தண்டித்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இனி காசு விஷயம். பெரும்பாலான ஓவியர்கள் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். ஏற்காட்டில் ஒரு விடுதிக்காரர் உங்கள் வீட்டுக்கு வருகிறார் என்று வையுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் படத்தை 40,000 ரூபாய்க்கு வாங்கிப் போகிறார். படம் அவருடையது, பதிப்புரிமை உங்களுடையது. உங்கள் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தால் ஒழிய அது கைமாறாது. அவர் அதை டைரியிலோ துணிப்பையிலோ அச்சடிக்க வேண்டுமானால் உங்களைக் கேட்க வேண்டும். இப்போது அதே விடுதிக்காரர், அதே 40,000 ரூபாய்க்கு, வரவேற்பறைக்கு நீலத்தில் ஒரு பெரிய படம் வரைந்து கொடுங்கள் என்று ஆர்டர் கொடுக்கிறார். கதை தலைகீழாகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, கூலி பேசி ஒருவர் கேட்டு வரைந்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே பதிப்புரிமையின் முதல் சொந்தக்காரர். அவர் டைரி அடிக்கலாம், காலண்டர் அடிக்கலாம், நீங்கள் வாய் திறக்க முடியாது. இதைத் தடுக்க வக்கீல் வேண்டியதில்லை. அட்வான்ஸ் வாங்கும் முன், ‘படம் உங்களுக்கு, பதிப்புரிமை ஓவியருக்கே’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி, அவரிடமிருந்து ‘சரி’ என்று பதில் வாங்கிவிடுங்கள். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.

உரிமையை எழுதிக் கொடுக்கும் நிலை வந்தால் எத்தனை ஆண்டு, எந்த நாட்டுக்கு என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் சட்டம் 5 ஆண்டு, இந்தியாவுக்குள் என்றே எடுத்துக்கொள்ளும். அது உங்களுக்குச் சாதகம்தான். ‘எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும்’ என்ற வரியோடு தாள் நீட்டப்பட்டால் பேனாவை மூடி வையுங்கள். பதிப்புரிமை உங்கள் ஆயுள் முழுக்கவும், இறந்த பிறகு 60 ஆண்டும் ஓடும். பேரப்பிள்ளைக்குப் போக வேண்டிய சொத்து அது.

சேலைக்காரர்களிடம் இன்னும் கவனம் தேவை. சேலமும் ஈரோடும் பக்கத்தில் இருப்பதால், உங்கள் படத்தைச் சேலையிலும் தலையணை உறையிலும் போடலாமா என்று கேட்டு வருவார்கள். அரூப ஓவியம் துணிக்கு நன்றாகப் பொருந்தும் என்பது அவர்களுக்குத் தெரியும். சட்டத்தின் 15-ஆம் பிரிவு இங்கே ஒரு பொறி வைத்திருக்கிறது: வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், நீங்களோ உங்கள் அனுமதி பெற்றவரோ எந்திர முறையில் 50 தடவைக்கு மேல் துணியில் அடித்துவிட்டால், அந்த வடிவமைப்பில் பதிப்புரிமை முடிந்துபோகும். பிறகு அடுத்த கடைக்காரர் அதையே பார்த்து அடித்தால் கேட்க நாதியில்லை. துணி வியாபாரத்துக்கு ஒப்புக்கொள்ளும் முன், வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்வது பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாணிக்குப் பதிப்புரிமை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வட்டமும் புள்ளியும் சிவப்பும் யாருடைய சொத்தும் அல்ல. உங்களைப் போல ஒருவர் வரைந்தால் வருத்தப்படலாம், வழக்குப் போட முடியாது. உங்கள் படத்தையே பார்த்து அப்படியே எடுத்தால் போடலாம்.

படத்தை விற்ற பிறகும் ஓவியரிடம் தங்கிவிடும் உரிமை ஒன்று உண்டு. அதை 57-ஆம் பிரிவு சொல்கிறது: உங்கள் பெயரைக் கேட்கும் உரிமையும், உங்கள் பெயர் கெடும்படி படத்தைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனில் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்காடி 2005-இல் ஜெயித்தார். சிற்பத்தைத் திருப்பித் தரவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் மத்திய அரசுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்று மட்டும் வழக்குக்குப் போகாதீர்கள். நம் திருப்திக்குக் காட்சிக்கு வைக்கவில்லை என்பது மீறல் ஆகாது என்று அதே பிரிவு சொல்கிறது. நியூயார்க்கிலேயே 1961-இல் ஓவியர் மத்தீஸின் படம் 47 நாள் தலைகீழாகத் தொங்கியது, லட்சம் பேர் பார்த்தும் யாருக்கும் உறைக்கவில்லை என்பார்கள். படத்தின் பின்பக்கம் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டுவிட்டால் தீர்ந்தது.

பின்பக்கத்தில் எழுத வேண்டியது அம்புக்குறி மட்டுமல்ல. 2009-இல் டெல்லியில் ஒரு காட்சியகம் எஸ்.எச். ரஸாவின் படங்கள் என்று கண்காட்சி வைத்து, திறந்துவைக்க அவரையே அழைத்தது. வந்து பார்த்தவர், பெரும்பாலானவை தான் வரைந்தவையே இல்லை என்றார். அத்தனை பெரிய ஓவியருக்கே இந்தக் கதி. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் கொடுத்து, அளவு, ஊடகம், தேதி, விலை, வாங்கியவர் பெயர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். காட்சியகத்துக்குப் படம் அனுப்பும்போது அந்தப் பட்டியலில் அவர்கள் கையெழுத்தும், எப்போது திருப்பித் தருவார்கள், கமிஷன் எவ்வளவு, வழியில் கிழிந்தால் யார் பொறுப்பு என்பதும் இருக்கட்டும். தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைத்தால் போதும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் ஒரு ஓவியத்துக்கு 500 ரூபாய் கட்டி அலுவலகத்தில் பதிந்தால் நீதிமன்றத்தில் அது முதல்நிலைச் சாட்சியாக நிற்கும்.

பணம் இழுத்தடிக்கப்பட்டால்? குறுந்தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும். அப்படிப் பதிந்த குறுந்தொழிலுக்கு, பொருளை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிந்துவிடுங்கள்; பிறகு பதிந்து பழைய பாக்கியைக் கேட்பது சிக்கல். தர்மபுரி மாவட்டத் தொழில் மையத்தில் வழி சொல்வார்கள். இணையத்தில் படம் கேட்டு, பணம் வர க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்கிறவர் திருடர். பணம் வாங்குவதற்கு யாரும் ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் அந்த மணி நேரத்திலேயே இணைய மோசடிக்கான உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் கட்டினால் ‘சர்வதேச விருது’ என்று வரும் கடிதங்களைக் குப்பையில் போடலாம்.

படத்தைத் திருடி யாராவது இணையத்தில் போட்டிருந்தால், அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 36 மணி நேரத்தில் அதை முடக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டு விதி. 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு காட்டாவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். பதிப்புரிமை மீறல் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் எடுத்த எடுப்பில் ஸ்டேஷனுக்குப் போவதைவிட ஒரு வக்கீல் நோட்டீஸ் பல நேரம் சீக்கிரம் வேலை செய்யும். சிவில் வழக்குக்காகச் சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டாம். 62-ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே போடலாம், படத்தைத் திருடியவர்தான் தர்மபுரிக்கு வர வேண்டும்.

வக்கீலுக்குக் காசில்லை என்று விட்டுவிடாதீர்கள். பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. தர்மபுரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் மனுக் கொடுக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.