நாய்க்குட்டிக்குப் புஷ்டி மருந்து வேண்டாம்

இராஜபாளையம் போன்ற பெருஞ்ஜாதி நாய்களைக் காவலுக்கு வளர்க்கும் குடியானவர் சிலர், குட்டி விரைவில் சதைப்பிடிக்கவேண்டுமென்று புஷ்டி மருந்தும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் கொடுக்கின்றனர். இதனால் நன்மையில்லை, தீமையே உண்டு. 6 மாதத்துக்குட்பட்ட குட்டியின் குடல், மிகுதியான சுண்ணாம்புச்சத்தை ஏற்காது தள்ளும் வல்லமையற்றது. ஆதலால் எலும்பு கோணி மூட்டுகள் கெடும்.

8 வாரம்வரை குட்டியைத் தாயினின்று பிரிக்கலாகாது. பின்பு 6 மாதம்வரை நாளொன்றுக்கு 3 வேளை அளவாக ஆகாரமளிக்கவேண்டும். சோற்றோடு முட்டையும் வேகவைத்த இறைச்சியும் சேர்ப்பது நலம். இவ்வாகாரத்துக்குச் சுண்ணாம்புச்சத்து எவ்வளவு வேண்டுமென்பதை மிருக வைத்தியரிடமே கேட்டறிக. தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவேண்டும், அதற்குமேல் கொழுக்கவிடலாகாது. 2-வது வாரமுதல் குடற்புழு மருந்தும், 3-வது மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் அவசியம். 1 வயது நிரம்புமுன் வண்டியின் பின்னே ஓடவிடுதல் தகாது. இவ்விதம் வளர்த்த குட்டி ஒன்றரை வயதில் தானே திடகாத்திரமடையும்.